ஃப்ளஷ் டேங்கில் ஓடிய கரண்ட்

2023 ஜூன் முதல் வாரம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது போனில் கரண்ட் பில் மெசேஜ் வந்தது. 742 யூனிட், 4,028 ரூபாய். அதற்கு முந்தைய பில் 486 யூனிட், 1,641 ரூபாய். யூனிட் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, பணம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

"மீட்டர் தாறுமாறா ஓடுது" என்றார் கணவர். "யாரோ கொக்கி போட்டிருக்காங்க" என்றார் அத்தை. எனக்கு இரண்டுமே நம்பும்படியாக இருந்ததால், மறுநாள் காலை மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி ஈபி ஆபீசுக்குச் சண்டை போடவே போனேன். உண்மையைச் சொன்னால் வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

உதவிப் பொறியாளர் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். நான் ஒத்திகை பார்த்ததில் பாதியைச் சொல்வதற்குள், இணைப்பு எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு வருடக் கணக்கைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வீட்டு யூனிட் போன கோடையில் 590, மழைக்காலத்தில் 430. பிறகு மெதுவாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கோடையில் கூடுவது எங்கள் வீட்டுக்குப் புதிதும் அல்ல.

"மீட்டர் மேல சந்தேகம்னா பணம் கட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லலாம் மேடம், அது உங்க உரிமை. ஆனா அதுக்கு முன்னாடி வீட்ல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க" என்றார். பக்கத்தில் நின்ற லைன் இன்ஸ்பெக்டர் அண்ணன் தான் விளக்கினார். "மெயினை ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல சிவப்பு லைட்டைப் பாருங்க தங்கச்சி. மின்னாம நின்னுச்சுன்னா மீட்டர் சும்மா ஓடல. அப்புறம் மெயினை மட்டும் போட்டு, வீட்ல எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பாருங்க. அப்பவும் மின்னுச்சுன்னா திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

அந்தச் சிவப்பு விளக்கை இத்தனை வருடமாக அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் மீட்டரின் முகப்பில் பொடி எழுத்தில் 3200 என்று ஒரு எண் போட்டிருக்கிறது. 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு வருகிறது. இரண்டு மின்னலுக்கு நடுவே எத்தனை நொடி என்று பார்த்து, 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்ஸ் கிடைக்கும். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். வேறு கருவி எதுவும் வேண்டாம், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

அன்றிரவு பத்தரை மணிக்கு மேல் பிள்ளைகள் மொட்டை மாடியில் படுத்துக்கொள்ள, நானும் அவரும் வாசல் மீட்டர் பெட்டி முன்னால் நின்றோம். மெயினை இறக்கினோம். விளக்கு மின்னவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தும் மின்னவில்லை. அத்தையின் கொக்கிக் கதையும் அவருடைய மீட்டர் கதையும் அங்கேயே முடிந்தன.

அடுத்து மெயினைப் போட்டு, ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை பெட்டி, கொசுவத்தி மெஷின் வரைக்கும் அணைத்தோம். இருட்டில் சிவப்புப் புள்ளி மறுபடி மின்னியது. பதினெட்டு நொடி கழித்து இன்னொன்று. 1125-ஐ 18-ஆல் வகுத்தால் 62 வாட்ஸ் சொச்சம். ஒன்றுமே ஓடாத வீட்டில் ஒரு ஃபேன் அளவுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அறையாக டார்ச் அடித்துத் தேடினோம். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர். அதை அணைத்ததும் புள்ளி நின்றது.

பேட்டரி மேல் கை வைத்தேன். இரவு பதினோரு மணிக்கு, இட்லிப் பானை மூடி போலச் சூடாக இருந்தது. 2017-இல் வாங்கியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. மறுநாள் வந்த மெக்கானிக், இரண்டு செல் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையாது, அதனால் இன்வெர்ட்டர் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். 62 வாட்ஸ் சின்னதாகத்தான் தெரியும். 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 90 யூனிட். கரண்ட் போனால் உதவட்டும் என்று வைத்திருந்த சாமான், கரண்ட் இருக்கும்போதே எங்களைத் தின்றுகொண்டிருந்தது. புது பேட்டரி போட்டு முழுக்க சார்ஜ் ஏறியபின் எண்ணினேன், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு மின்னல்.

சரி, 90 யூனிட் கிடைத்தது. மீதி எங்கே?

காலையில் மோட்டார் போடும்போது அத்தையிடம் கேட்டேன். "முன்னயெல்லாம் காலையில ஒருக்கா போட்டா போதும். இப்ப சாயங்காலமும் போட வேண்டியிருக்கு. போர்ல தண்ணி இறங்கிருச்சுல்ல" என்றார். கோடையில் மதுரைப் பக்கம் போர் தண்ணீர் இறங்குவது புதிதல்ல, அதனால் நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் தண்ணீர் வேகம் குறைந்தால் டேங்க் நிறைய நேரம் ஆகும். நிறைந்த டேங்க் சாயங்காலத்துக்குள் ஏன் காலியாக வேண்டும்? வீட்டில் ஆள் கூடவில்லை. பகலில் அத்தை மட்டும்தான்.

அன்று மதியம் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். குழாய் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனபோது, பின்பக்க பாத்ரூமில் மெல்லிய 'உஸ்' சத்தம். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். அத்தை ஒன்றும் பேசாமல் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்ச் சொட்டு நீலம் பாட்டிலை எடுத்துவந்து, ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டார். யாரும் அமுக்கவில்லை. பத்து நிமிடத்தில் கீழே பீங்கானில் நீல நூல் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

டேங்குக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் இற்றுப்போயிருந்தது. 80 ரூபாய் சாமான். ராப்பகலாக அதன் வழியே தண்ணீர் வடிய, மேல் டேங்க் காலியாக, அத்தை மோட்டாரைப் போட, கரண்ட் போயிற்று. மோட்டார் ஓடும்போது எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 62 மின்னல், அதாவது 1,160 வாட்ஸ் சுமார். வாஷர் மாற்றியபின் சாயங்கால மோட்டார் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 87 யூனிட். எங்கள் பில்லில் அந்த 87 யூனிட்டும் 9 ரூபாய் அடுக்கில் விழுந்திருந்தது, 783 ரூபாய். கரண்டை மிச்சப்படுத்த வேண்டும் என்று நினைப்பவர்கள் லைட்டையும் ஃபேனையும் பார்க்கிறோம், தண்ணீர் ஒழுகுவதைப் பார்ப்பதில்லை. சொந்த போர் இருக்கும் வீட்டில் ஒழுகும் ஒவ்வொரு குழாயும் மீட்டரைச் சுற்றுகிறது.

இந்த அடுக்குக் கணக்கைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னது பாதிதான் புரியும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அப்போது முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த விலைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101-இல் இருந்தே 4.50 தான். 500-க்கு மேல் நூறு யூனிட் 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கும் மேலே 11.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பள்ளிக்கூடக் கணக்கில் இப்படி ஒரு விடை வந்தால் தப்பு என்று அழித்திருப்பேன். 2024 ஜூலையில் விலை கொஞ்சம் ஏறியது. ஆனால் அப்போதும் 500 என்ற கோடு அதே இடத்தில்தான் நின்றது. கரண்டைச் சிக்கனம் செய்வது என்பது எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான். 300 யூனிட்டில் இருப்பவர்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 1,200 யூனிட்டில் இருப்பவர்களின் கதையும் வேறு. 450-இல் இருந்து 650 வரை ஊசலாடும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் ஒவ்வொரு பத்து யூனிட்டும் கனக்கிறது.

அப்புறம் ஏசி. அதில் துப்பறிய ஒன்றும் இல்லை, குற்றவாளி தெரிந்தவர்தான். ஒரு டன், மூன்று ஸ்டார், அத்தை அறையில் இருக்கிறது. அவர் 20-இல் வைத்துவிட்டு, குளிருகிறது என்று கம்பளி போர்த்திக்கொள்வார். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மின்சாரச் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பே சொல்கிறது. ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் விதி வந்ததும் இதனால்தான். இதை அத்தையிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. படுக்கும் முன் மீட்டர் எண்ணையும் எழுந்ததும் மீட்டர் எண்ணையும் எழுதி வைத்தேன். 20-இல் ஒரு ராத்திரிக்கு 6.1 யூனிட். ஃபில்டரைக் கழுவி, 25-இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் 4.2. "ஃபேன் போட்டா ஏசி எதுக்குடி?" என்றார் முதல் நாள். மூன்றாம் நாள் கம்பளி மடித்து அலமாரிக்குப் போய்விட்டது.

ஃபேனில் நான் ஒரு தப்புக் கணக்குப் போட இருந்தேன். புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் சுமாரில் ஓடும், பழைய ஃபேன் 75 இழுக்கும் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் உள்ள ஏழையும் மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனேன். ஒன்று 2,700 ரூபாய். திரும்பி வந்து யோசித்தேன். பூஜை அறை ஃபேன் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் சுற்றினால் அதிகம். ஹாலிலும் அத்தை அறையிலும் மட்டும்தான் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. அந்த இரண்டை மட்டும் மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பில்லுக்கு 43 யூனிட் குறைகிறது. கூடவே வந்த ஒரு தொந்தரவையும் சொல்ல வேண்டும். இதற்கு ரிமோட்தான்; சுவர் ரெகுலேட்டர் வேலை செய்யாது. அத்தை ஏசி ரிமோட்டை வைத்து ஃபேனை அமுக்கிக்கொண்டிருப்பார். இப்போது ஃபேன் ரிமோட்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கதவு ரப்பர் இறுக்கமாகவே இருந்தது. ஆகவே அதைச் சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வைத்ததோடு விட்டுவிட்டேன். டிவியையும் செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சை அணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுவே பில்லுக்கு 14 யூனிட்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். பச்சை விளக்கு எரிந்தது. சிவப்புப் புள்ளியை எண்ணினோம், செருகும் முன்னும் பின்னும் ஒன்றுதான். லைன் இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் கேட்டபோது சிரித்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதத்தை, சரிசெய்வது. வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது யூனிட்டைத்தான், பவர் ஃபேக்டரை அல்ல, அதனால் பில்லில் ஒரு பைசா குறையாது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அதைக் கழற்றவில்லை. பச்சை லைட் ராத்திரிக்கு நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்டில் அடுத்த பில் வந்தது. 533 யூனிட், 2,214 ரூபாய். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் எரிச்சல். 33 யூனிட் குறைத்திருந்தால் 489 ரூபாய் குறைந்திருக்கும். அப்போதுதான் ஹால் காலண்டரில் எழுத ஆரம்பித்தேன். 500-ஐ 60-ஆல் வகுத்தால் நாளைக்கு எட்டேகால் யூனிட் சொச்சம். கணக்கெடுத்த அன்று என்ன எண் என்பதை அட்டையில் பார்த்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். 15ஆம் நாள் 125, 30ஆம் நாள் 250, 45ஆம் நாள் 375. இதைத் தாண்டினால் அடுத்த பதினைந்து நாளில் வாஷிங் மெஷினில் அரை லோடு போடக் கூடாது, கீசரைப் போட்டுவிட்டு மறக்கக் கூடாது. அக்டோபர் பில் 488 யூனிட், 1,653 ரூபாய்.

ஈபியில் உதவி கேட்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாள் போன மாதிரி போகக் கூடாது என்பதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். "பில் ஜாஸ்தியா வருது" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இணைப்பு எண், கடைசி நாலைந்து பில், மெயினை அணைத்தபோது விளக்கு மின்னியதா இல்லையா, இவ்வளவும் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கிறது. மெயினை அணைத்தபின்னும் மின்னிக்கொண்டிருந்தால், தயங்காமல் எழுதிக் கொடுத்து மீட்டர் டெஸ்ட் கேட்க வேண்டும். ஆனால் பில்லைக் கட்டாமல் காத்திருக்கக் கூடாது. கணக்கெடுத்த நாளில் இருந்து 20 நாள்தான் கெடு. ஆபீசில் பேசித் தீராத விஷயத்துக்குச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும் மாதாந்திரக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். எனக்கு அங்கெல்லாம் போகும் வேலை வரவில்லை.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணை மட்டும் ஒருமுறை கூப்பிட்டேன், 94987 94987. 2021-இல் தொடங்கியது, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். 2023 நவம்பர் மழையில், சாயங்காலம் ஆனால் லைட் மங்கி மங்கி எரிந்தது, மோட்டார் முனகியது. வோல்டேஜ் குறைவு என்று சொன்னேன். "எல்லா வீட்லயுமா, உங்க வீட்ல மட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தேன். எங்கள் வீட்டில் மட்டும்தான். மறுநாள் காலை இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். காற்றில் வேப்பங்கிளை உரசி உரசி, போஸ்ட்டில் எங்கள் சர்வீஸ் வயர் சேரும் இடம் தளர்ந்திருந்தது. வெட்டிப் புதிதாக முறுக்கிவிட்டு, கிளையையும் கழித்துவிட்டுப் போனார்கள். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது மோட்டாரைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் காயில் கம்பி வெந்துவிடும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். அத்தை அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டு, இப்போது லைட் ஒருமுறை சிமிட்டினாலே மோட்டாரை நிறுத்திவிடுகிறார்.

சோலார் போடலாமா என்றும் யோசித்தோம். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இரண்டு கிலோவாட் போட்டால் எங்கள் தேவை பெரும்பாலும் தீரும். ஆனால் 500-க்குள் நிற்கக் கற்றுக்கொண்டபின், கரண்டுக்காக நாங்கள் வருடத்துக்குக் கட்டுவதே பத்தாயிரம்தான். போட்ட பணம் திரும்ப வருடக்கணக்கில் ஆகும். போதாததற்கு மதியம் மூன்று மணிக்கே அதே வேப்பமரத்தின் நிழல் மொட்டை மாடியில் பாதியை மூடிவிடுகிறது. மரத்தை வெட்டிவிட்டு சோலார் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடியில் வெயில் முழுக்க விழுகிறவர்கள், பில்லுக்கு ஆயிரம் யூனிட் தாண்டுகிறவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது இது.

காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே இப்போது மீட்டர் கணக்கும் இருக்கிறது. எண்ணை எழுதுவது அத்தைதான். நேற்று 46ஆவது நாள், 391 யூனிட். மீதி பதினாலு நாளுக்கு 109 தான் இருக்கிறது. ராத்திரி அத்தை அசந்து தூங்கியபின் போய் ஏசியை 25-இல் இருந்து 26 ஆக்கிவிட்டு வந்தேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.